அத்தையின் சிங்கரும் 154 காஜாவும்

போன டிசம்பர் மாதம் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் என் அத்தை வீட்டு முன்னறையில் 22 பள்ளிச் சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. தைத்தாயிற்று, காலர் வைத்தாயிற்று, இஸ்திரி கூடப் போட்டாயிற்று. காஜா, அதாவது பட்டன் நுழையும் ஓட்டை, மட்டும் பாக்கி. சட்டைக்கு முன்பக்கம் 6, காலரில் 1, ஆக 7. மொத்தம் 154. இத்தனை நாளும் பசார் பக்கம் பெரிய காஜா மெஷின் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்து, ஓட்டைக்கு 50 காசு என்று போட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வயதாகிக் கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கையால் எடுத்தால் அத்தைக்கு ஒரு காஜாவுக்குப் பத்து நிமிடம், அதுவும் வெளிச்சம் நன்றாக இருந்தால். பெருக்கிப் பாருங்கள், 25 மணி நேரத்துக்கு மேல் வரும்.

என்னிடம் ஒரு சின்ன மின்சார மெஷின் உண்டு, அதிலேயே காஜா போடும் வசதியும் உண்டு. பழைய துணியில் இரண்டு போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் நெருக்கமாக, மறுபக்கம் பல் போன சீப்பு மாதிரி. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, துணியைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் அப்படிப் போனால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

அத்தையின் மெஷின் சிங்கர் 66, காலால் மிதிப்பது. தாத்தா ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியது. தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தபோது லாரியில் முதலில் ஏறியதும் அதுதான். அதன் எண் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரண்டெழுத்து வரிசை, அதாவது ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊர்த் தொழிற்சாலையில் செய்தது. 1885 முதல் ஓடிய அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. மெஷின் இன்னும் ஓடுகிறது. ஆனால் நேர்த்தையல் மட்டும்தான். காஜா என்றால் ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும், இதன் ஊசிக்கு மேலும் கீழும் தவிர வேறு போக்கு தெரியாது.

ஊசி ஆடாவிட்டால் துணியை ஆட்டிக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். காஜா அட்டாச்மென்ட் என்பது அதுதான். சோப்புக் கட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு இரும்புப் பெட்டி. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் காலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைத் திருக வேண்டும். பக்கவாட்டில் ஒரு கவை நீட்டிக்கொண்டிருக்கும், உண்டிவில் கவை மாதிரி. அது ஊசியைப் பிடித்திருக்கும் திருகின் மேல் ஏறி உட்காரும். ஊசி மேலே போகும்போது கவையும் மேலே, கீழே வரும்போது கீழே. அந்த அசைவை வாங்கி உள்ளே இருக்கும் பல்சக்கரம் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு பல் நகர்கிறது, கீழே இருக்கும் பிடி துணியைக் கவ்விக்கொண்டு இடம் வலமாக ஆட்டியபடியே காஜாவின் வடிவத்தைச் சுற்றிவருகிறது. மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. முதல்முறை கையில் வைத்துக் கவையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

இதில் இரண்டு வகை பழைய சாமான் சந்தைகளில் கிடைக்கிறது. ஒன்று, திருகைத் திருப்பி நீளத்தை நாமே வைத்துக்கொள்வது. சிங்கரின் 121795 அந்த ரகம். எந்த அளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது அதன் பலம், ஏழாவது காஜா முதல் காஜா மாதிரியே வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் பலவீனம். இன்னொன்று அச்சுத் தகடு போடுவது. சிங்கரின் 160506 இந்த ரகம். பல் வெட்டிய சிறு உலோகத் தகடு ஒவ்வொன்றும் ஒரு அளவுக்கு, அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். அரை அங்குலத் தகட்டைப் போட்டால் 154 காஜாவும் அரை அங்குலம்தான். பள்ளிச் சட்டைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் தகட்டு ரகத்தைத் தேடினேன்.

முதலில் வாங்கியது

அவசரம். இணையத்தில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார், படத்தில் பெட்டி பளபளவென்று இருந்தது, தகடுகள் வரிசையாக அடுக்கியிருந்தன, 'எல்லா சிங்கருக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தார். 60 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பிவிட்டேன். நான்கு நாளில் வந்தது. மெஷினில் மாட்டப் போனால் அடிப்பாகம் ஊசிக்குக் கீழே இருக்கும் ஊசித்தகட்டில் முட்டுகிறது, மேலே திருகின் இடம் எட்டவே இல்லை.

ஈப்போவில் பழைய தையல் மெஷின் பழுதுபார்க்கும் சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவர் இருக்கிறார், அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்து ஒரு பார்வைதான். "செங்கெட் புஞ்ஞா" என்றார். சாய்ந்ததற்கு உரியதாம். சிங்கர் 301, 401 போன்ற மெஷின்களில் ஊசி சாய்ந்து நிற்கும், அவற்றுக்கென்றே செய்தது இது. அப்புறம் ஒரு இரும்பு அளவுகோலை எடுத்து எனக்குப் பாடம் நடத்தினார். பிரஸ்ஸர் காலைக் கீழே இறக்கி வைத்து, அதைப் பிடித்திருக்கும் திருகின் நடுவிலிருந்து ஊசித்தகடு வரை அளக்க வேண்டும். ஏறக்குறைய அரை அங்குலம் என்றால் லோ ஷாங்க், அதாவது குட்டைக் கால். ஒரு அங்குலத்துப் பக்கம் என்றால் ஹை ஷாங்க். சாய்ந்த ஊசிக்கு 1 1/8 அங்குலம். அத்தையின் 66 லோ ஷாங்க். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த சீனத்துக் கறுப்பு பட்டர்ஃபிளை மெஷினும் அதேதான். அதனால் லோ ஷாங்க் அட்டாச்மென்ட் ஒன்று கிடைத்தால் அத்தைக்குப் பின்னாலும் யாருக்காவது உதவும்.

அளக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அதைச் செய்யாமல் 60 வெள்ளி போனது. விற்றவர் ஏமாற்றினாரா, தெரியாமல் எழுதினாரா என்று நான் ஆராயவில்லை. படத்தில் அந்தக் காலின் உயரம் தெளிவாகத்தான் தெரிந்தது, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

இரண்டாவது

ஈப்போவில் ஞாயிறு காலை மெமரி லேன் பழைய சாமான் சந்தை கூடும். மூன்றாவது ஞாயிறு அங்கே ஒரு பாயில், பழைய சாவிகளுக்கும் பீங்கான் தட்டுகளுக்கும் நடுவே, பச்சை பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே 160506, கையேடு பாதி கிழிந்து. இம்முறை பையில் அளவுகோல் இருந்தது. கால் சரி. கவை நெளியவில்லை. ஆனால் கவையை ஆட்டினால் அசையவே இல்லை, கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. விற்ற அம்மாவிடம் அதைக் காட்டி 45 வெள்ளிக்குப் பேசி முடித்தேன். கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்தது, பல் மூடும் தகடு இல்லையே என்று. பல் என்றால் ஊசிக்குக் கீழே துணியைப் பின்னால் தள்ளுமே, அது. காஜா போடும்போது துணியை நகர்த்துவது அட்டாச்மென்டின் வேலை, பல்லும் சேர்ந்து இழுத்தால் இரண்டும் சண்டை போடும். சில மெஷின்களில் பல்லைக் கீழே இறக்கிவிடலாம், அத்தையுடையதில் முடியாது, மூடித்தான் ஆக வேண்டும். பாயைக் கிளறினோம். சாவிக் குவியலுக்குள் கிடந்தது, நடுவில் சின்ன ஓட்டையோடு, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு தகடு. "அது என்னவென்றே தெரியாது, எடுத்துக்கோ" என்றார் அந்த அம்மா. இந்தத் தகடு இல்லாமல்தான் பல பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன, பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் வந்து திறந்தால், உள்ளே இருந்தது கிரீஸ் என்று சொல்லவே முடியாது. ரப்பர் ஒட்டுப்பால் பார்த்திருப்பீர்கள், பால் வடியும் மங்கில் அடியில் காய்ந்து பழுப்பாகி இழுத்தால் நீளுமே, அதேதான். அத்தை மூக்கின் அருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத் "தேங்காய் எண்ணெய்டா" என்றார். தோட்டத்தில் மெஷின் எண்ணெய் தீர்ந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயை விடுவது சாதாரணமாம். இரண்டு நாள் நன்றாக ஓடும், இரண்டு வருஷத்தில் கோந்து. முடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி, மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் விளக்கும் பிரஷால் தேய்த்து, பல்லிடுக்கில் இருந்ததைக் குச்சியால் சுரண்டி எடுத்தேன். வலுக்கட்டாயமாக ஆட்ட வேண்டாம், பல் உடைந்தால் வாங்கியதே வீண். ஒரு இரவு முழுக்க ஊறியபின் காலையில் கவை 'டிக்' என்று ஒரு பல் நகர்ந்தது. அப்புறம் துடைத்து உலர்த்தி, பல்சக்கரத்துக்குக் கொஞ்சம் வெள்ளை கிரீஸ், கீல்களுக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் பாட்டில் அன்றே சமையலறைக்குத் திரும்பியது.

மாட்டுவதும் கஷ்டமில்லை. ஊசியை உச்சிக்கு ஏற்றி, பிரஸ்ஸர் காலைக் கழற்றி, மூடும் தகட்டைத் திருகி, கவையை ஊசித் திருகின் மேல் ஏற்றி, அட்டாச்மென்டைக் காலின் இடத்தில் இறுக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று திருப்பி ஊசி தகட்டின் ஓட்டை நடுவில் இறங்குகிறதா என்று பார்த்தோம். இறங்கியது. அடிநூலை ஓட்டை வழியாக மேலே எடுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு அத்தை மிதித்தார்.

மூன்று சாயங்காலம்

முதல் காஜா பாதி வரை அழகு. பாதியில் நாலைந்து தையல் ஒரே இடத்தில் குவிந்தது, அப்புறம் ஒரு தாவல், அப்புறம் மறுபடி அழகு. இரண்டாவதில் குவியல் வேறு இடத்தில். மூன்றாவது முழுசாக வந்தது. நான்காவது மறுபடி குவிந்தது.

ஒரே இடத்தில் தவறியிருந்தால் தகடு தேய்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இது இடம் மாறி மாறித் தவறியது, அதுதான் எங்களைச் சுற்றவிட்டது. முதல் நாள் நூலைக் குற்றம் சொன்னோம், மாற்றினோம். 14ஆம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 11 போட்டோம். மேல்நூலின் இழுவையைத் தளர்த்தினோம், அதில் தையலின் அழகு கூடியது, குவியல் குறையவில்லை. இரண்டாம் நாள் நான் அட்டாச்மென்டைக் கழற்றி மறுபடி கழுவினேன், உள்ளே இன்னும் கோந்து இருக்கும் என்று. இல்லை. அத்தை துணிதான் மெலிசு என்று உள்ளே ஒட்டுத்துணி வைத்துப் பார்த்தார். (அது நல்ல காரியம்தான். இப்போதும் வைக்கிறார், ஓட்டை விளிம்பு நெளியாது.) குவியல் இருந்தது. "பேசாமல் கையாலேயே எடுத்திருந்தால் இந்நேரம் பத்துச் சட்டை முடிந்திருக்கும்" என்று சொன்னார், சொன்னது நியாயம் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் திருப்பினேன், கைப்பேசி விளக்கைக் கவையின் மேல் அடித்துக்கொண்டு. மேலே, கீழே, டிக். மேலே, கீழே, டிக். இருபது முப்பது முறை ஒழுங்காக. அத்தை துணியைச் சற்று இழுத்துப் பிடித்தார், ஊசி மேலே போனது, கவை போகவில்லை! ஊசித் திருகு கவையின் நுனியைத் தடவிவிட்டு வழுக்கி விலகிவிட்டது. குனிந்து பார்த்தால் திருகின் தலை கவைக்குள் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஏதோ ஒரு நூல் அளவுக்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இந்தத் திருகு எப்போது மாற்றியது அத்தை?"

யோசித்தார். "உன் மாமா இருந்தபோது ஒருதடவை தொலைந்துபோச்சு. ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தானே தைக்குது?"

நன்றாகத்தான் தைத்தது, எத்தனையோ வருஷம். ஊசியை இறுக்கிப் பிடிக்க அந்தக் குட்டைத் திருகு போதும். 66க்கு வரும் அசல் திருகு விரலால் திருகும்படி நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நீளத்தை நம்பித்தான் கவையைச் செய்திருக்கிறார்கள். மிதி சீராக இருந்தால் குட்டைத் திருகும் சமாளித்தது; கால் சற்று வேகமெடுத்தாலோ துணி இழுபட்டாலோ கவை நழுவியது, பல் நகரவில்லை, தையல் அதே இடத்தில் குவிந்தது. அட்டாச்மென்டில் ஒரு குறையும் இல்லை. மூன்று நாளாகக் குற்றமே இல்லாததைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தவுக்கேயிடம் போய், மைலோ டின்னில் அவர் சேர்த்து வைத்திருந்த திருகுகளைக் கொட்டிக் கிளறி, செத்துப்போன ஒரு 66 தலையிலிருந்து எடுத்த திருகு ஒன்று வாங்கினேன். 3 வெள்ளி. புது மெஷின்களில் இந்தப் பழைய அட்டாச்மென்ட் ஏன் சரியாக உட்காருவதில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. பலவற்றில் ஊசித் திருகு பக்கவாட்டில் நீட்டுவதே இல்லை, அல்லது கவைக்குள் போகாத அளவுக்குத் தடிமனாக இருக்கும்.

154

திருகை மாற்றியபின் குவியல் ஒன்றுகூட இல்லை. மீதி எல்லாம் அளவு பார்க்கும் வேலை. காஜாவின் நீளத்துக்குத் தையல்காரர்கள் சொல்லும் கணக்கு, பட்டனின் விட்டத்தோடு அதன் கனத்தைக் கூட்டு என்பது. பட்டன் அளவில் 40 லைன் ஒரு அங்குலம். சிறுவர் சட்டைக்கு அத்தை வைத்திருந்தது 16 லைன், 10 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கனம் இரண்டரை. கூட்டினால் அரை அங்குலத் தகடு கச்சிதம். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே அத்தை பட்டனைத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்து அதே தகட்டை எடுத்துவிட்டார்.

தையலின் அகலத்தைக் குறைவாக வைத்தோம். அகலம் கூடினால் இரண்டு பக்கத் தையலும் நடுவில் நெருங்கிவிடும், வெட்டும்போது நூலும் சேர்ந்து அறுபடும். ஒரு காஜாவுக்கு இரண்டு சுற்று. ஒரு சுற்றில் துணி எட்டிப் பார்த்தது, இரண்டாவது சுற்றில் மூடியது. முனையில் தொடங்காமல் பக்கத்தின் நடுவில் தொடங்கினால் ஆரம்பமும் முடிவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தெரியாமல் போகிறது. இதற்காக அட்டாச்மென்டின் மேலே ஒரு குமிழ் இருக்கிறது, தொடங்கும் இடத்துக்குக் கையால் திருப்பிக் கொண்டுவரலாம், ஆனால் ஊசி துணிக்கு வெளியே இருக்கும்போதுதான். வெட்டும்போது முனையில் குறுக்காக ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தையல் பிரிக்கும் ரிப்பரை ஓட்டினார் அத்தை. ரிப்பர் வழுக்கினாலும் ஊசியில் முட்டி நின்றுவிடும்.

முன்பக்கம் ஆறும் நெடுக்காக, காலர் மட்டும் படுக்கையாக. காலரில்தான் தகராறு. காலர் ஓரத்தில் துணியும் ஒட்டுத்துணியும் மடிப்பும் சேர்ந்து தடித்திருக்கும், அட்டாச்மென்டின் பிடியில் பாதி மேட்டிலும் பாதி பள்ளத்திலும் நிற்கும், பிடி வழுக்கும். அதே தடிமனுக்கு ஒரு துண்டுத் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்துப் பிடிக்குச் சமமான தரை கொடுத்தோம், சரியாக வந்தது. இரண்டு காலர் அதற்கு முன்பே போய்விட்டது, அவற்றைப் பிரித்துக் கையால் எடுத்தார்.

அடையாளம் போடும் நேரம் போக ஒரு காஜாவுக்கு இரண்டு நிமிடம் ஆனது. இரண்டு காலை வேளைகளில் முடிந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சத்தம்: மிதிக்கும் ஒலிக்கு மேலே டிக் டிக் டிக் என்று பல் நகரும் சத்தம், ஒரு சுற்று முடியும்போது அத்தை கண்ணால் பார்க்காமல் காதாலேயே தெரிந்துகொண்டு காலை நிறுத்தினார். மூன்றாவது சட்டையிலேயே அந்தப் பழக்கம் வந்துவிட்டது அவருக்கு. நான் மிதித்தால் இன்னும் ஒரு தையல் கூடவோ குறையவோதான் நிற்கிறது.

செலவு: 60, 45, 3, ஈப்போவுக்குப் போய்வந்த பெட்ரோல். பழைய கடையில் கொடுத்திருந்தால் 77 வெள்ளி. இந்த ஒரு ஆர்டரில் நஷ்டம்தான்.

அந்த 60 வெள்ளிப் பெட்டியை விற்றுவிடலாம் என்று படம் எடுக்கத் திறந்தபோது, சும்மா இருக்கட்டும் என்று அதிலிருந்த தகடு ஒன்றைப் பச்சைப் பெட்டி அட்டாச்மென்டில் போட்டுப் பார்த்தேன். போய் உட்கார்ந்தது. கால்தான் வேறு, தகடு ஒன்றே. அதில் இருந்தவற்றில் ஒன்று வட்ட ஓட்டைக்கான தகடு, என் பெட்டியில் இல்லாதது. அத்தை அதைக் கையில் வாங்கி விரலால் தடவினார். பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் தன் பிள்ளைகளுக்கு பாஜு மெலாயு என்ற மலாய்ச் சட்டை தைக்க ஹரி ராயாவுக்கு முன்னால் அத்தையிடம்தான் வருவார். செக்காக் மூசாங் என்ற நிமிர்ந்த கழுத்துக்கு ஐந்து பட்டன், ஐந்துக்கும் சின்ன வட்ட ஓட்டை வேண்டும், இத்தனை வருஷமும் குத்தூசியால் குத்திச் சுற்றிலும் கையால் தைத்துக்கொண்டிருந்தார்.

"இதை விற்காதே" என்றார். தகடுகள் எல்லாவற்றையும் பச்சைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மெஷின் இழுப்பறையில் போட்டுக்கொண்டார். எனக்கு மிஞ்சியது தகடில்லாத ஒரு சாய்ந்த ஊசி அட்டாச்மென்ட். யாரிடமாவது 301 இருந்தால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன்.